கற்றலின் இன்பமும் கேட்டலின் கடனும்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் பயணிகள் கப்பல் சென்றுகொண்டிருந்த காலத்தை அறிந்தோர் நம் சமூகத்தில் இன்னும் சிலர் உள்ளனர். அக்கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் பயணம் செய்தபோது எமக்குக் கிட்டிய நூற்பயிற்சியின் இன்பத்தையும், அவ்வின்பத்தினிடையே யாம் இழைத்த ஒரு பிழையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம். நூல் படிப்பதால் உண்டாகும் இன்பம் குற்றமற்றதா என்பதே அப்பிழை எம்முள் எழுப்பிய வினா.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றி, "படி, படி" என்றே பிள்ளைகளிடம் சொல்லி வந்த ஒருத்தி இவ்வாறு வினவுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இல்லறத்தார் ஏற்கும் விரதங்களைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு எந்த இன்பமும் வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. உண்ணும் உணவையும் பருகும் நீரையும் ஆராய்ந்து ஏற்கும் நாம், கண்ணால் உண்ணும் நூலை மட்டும் ஆராயாது விடலாமா?

எம் இளமைக் காலம் மன்னார்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் கழிந்தது. சுற்றிலும் நெல்வயல். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சம்பாப் பயிர் வளர்ந்து நிற்கும்போது மாலையில் விளக்கேற்றினால் போதும். பச்சைத் தத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வந்து மொய்க்கும். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியிலும் படிக்கும் நூலின் பக்கத்திலும் அவை வந்து விழும். பக்கத்தைப் புரட்டினால் ஓருயிர் நசுங்கும். ஆதலின் எம் தந்தையார் ஒரு விதி வகுத்திருந்தார்: கதிரவன் மறையுமுன் உணவு, இருள் சூழ்ந்தபின் விளக்கைத் தணித்துவிட வேண்டும், படிப்பெல்லாம் விடியற்காலையில்தான். தேர்வுக் காலத்திலும் அவ்விதி தளர்ந்ததில்லை. "உனக்கு அறிவு வேண்டும் என்பதற்காக அதன் உயிர் போக வேண்டுமா?" என்று ஒருமுறை அவர் கேட்டார். அதற்கு எம்மிடம் விடையில்லை. இரவில் படித்தல் என்பது பிறருக்கு உரிய இன்பம், நமக்கு உரியதன்று என்றே வளர்ந்தோம்.

1978ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவ்வின்பம் எம்மைத் தேடி வந்தது. எம் தமையனார் அப்போது சிங்கப்பூரில் பணியில் இருந்தார். அண்ணியாரையும் அவர்தம் இரண்டு வயதுக் குழந்தையையும் அவரிடம் கொண்டு சேர்க்கத் துணை வேண்டியிருந்தது. எம் அன்னையார் திசைவிரதம் ஏற்றவர். வடக்கே மேற்சித்தாமூர், கிழக்கே நாகைக் கடற்கரை எனத் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டவர். மகனைக் காணும் ஆவல் எவ்வளவு இருந்தும் அவ்வெல்லையைக் கடக்க அவர் இசையவில்லை. நாகை வரை வந்து வழியனுப்பிவிட்டு மணலிலேயே நின்றுகொண்டார். துணையாகச் செல்லும் பொறுப்பு எம்மிடம் வந்தது.

அக்காலத்தில் அவ்வழியில் ஓடிய கப்பலின் பெயர் 'சிதம்பரம்'. அதற்கு முன்னர் 1926 முதல் 1973 வரை, போர்க்காலம் நீங்கலாக, அவ்வழியில் ஓடிய 'ரஜூலா'வைப் பற்றிக் காவிரிக் கழனி நாட்டில் கேள்விப்படாத குடும்பமே இல்லை எனலாம். மலாயாத் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் நம் மாவட்டத்தார் எத்தனையோ ஆயிரம் பேரை அது சுமந்து சென்றது. பெரும்பாலோர் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள். 'சிதம்பரம்' கப்பலில் அவ்வாறு தளத்தில் படுக்க வேண்டியதில்லை. கீழ்த்தளங்களில் அடுக்கடுக்காகப் படுக்கைகள் இருந்தன. நாகையில் கரையருகே நீராழம் போதாமையால் கப்பல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்று, அலையில் படகு எழும்பும் நொடி பார்த்து, ஏணியில் கால் வைக்க வேண்டும். குழந்தையை ஒருவர் வாங்க, மூட்டைகளை மற்றொருவர் வாங்க, ஒருவாறு ஏறிச் சேர்ந்தோம்.

எம் மூட்டையில் அவலும் பொரிமாவும் வடிகட்டும் துணியும் இருந்தன. இரண்டு நூல்களும் இருந்தன. ஒன்று நாலடியார். மற்றொன்று 'பொன்னியின் செல்வன்'. அஃது அச்சிட்ட நூலாக அன்று. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது எம் அத்தையார் வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து வைத்திருந்த கனத்த கட்டு. வீட்டில் அதைத் தொடர்ந்து பத்துப் பக்கம் படிக்கவும் எமக்குப் பொழுது வாய்த்ததில்லை.

முதல் நாள் இரவு கப்பல் விளக்குகளைச் சுற்றிச் சில பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து உடன் வந்தவை போலும். இரண்டாம் நாள் இரவு யாம் மேல்தளத்துக்குச் சென்றபோது விளக்கு தெளிவாக எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு பூச்சியும் இல்லை. நாற்புறமும் கடல், வயலில்லை, புல்லில்லை, மரமில்லை. விளக்கின்கீழ் அமர்ந்து நூலைப் பிரித்தோம். பக்கத்தின்மேல் எதுவும் வந்து விழவில்லை. இருபத்தேழு வயதில், வாழ்வில் முதன்முறையாக, எவ்வுயிருக்கும் இன்னல் செய்யாமல் இரவில் படிக்கிறோம் என்னும் எண்ணம் எம்மைப் பெருமகிழ்ச்சியில் ஆழ்த்தியது.

அவ்வின்பத்தின் இயல்பைப் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஊரில் படிக்கும்போது உலை கொதிக்கும். வாசலில் யாரேனும் அழைப்பர். நாற்று நடவுக்கு ஆள் வந்திருக்கும். பள்ளியிலோ மணி அடிக்கும். கப்பலில் இவையொன்றும் இல்லை. தேசவிரதம் ஏற்றவர் ஒரு காலத்துக்கு இவ்விடம் விட்டு அகலேன் என்று எல்லையைக் குறுக்கிக்கொள்வது போல், எம் விருப்பைக் கேளாமலே கடல் எம்மை ஒரு சிறு இடத்தில் நிறுத்தி வைத்தது. எல்லை சுருங்கியபோது உள்ளம் விரிந்தது. கொண்டு சென்றவை இரண்டே நூல்கள் ஆதலின் அடுத்து எதைப் படிக்கலாம் என்னும் அலைச்சலும் இல்லை. படித்த பக்கத்தையே மீண்டும் படித்தோம். தலை நிமிர்ந்தால் நீர். குனிந்தால் குடந்தையும் தஞ்சையும் கோடிக்கரையும். விட்டு வந்த ஊரெல்லாம் மடிமீது இருந்தது. நாகைச் சூடாமணி விகாரத்தைக் கதையில் கண்டபோது, அந்நாகைக் கரையில் நின்ற அன்னையாரை நினைத்துக் கண் கலங்கினோம்.

நாவல் படிப்பதை அண்ணியார் விரும்பவில்லை. பயனின்றித் தீமை விளைக்கும் செயல்களை விலக்குவது அனர்த்ததண்ட விரதம் என்றும், உள்ளத்தைக் கெடுக்கும் கதைகளைக் கேட்பதாகிய துச்சுருதியும் அங்கு விலக்கப்பட்டவற்றுள் ஒன்று என்றும் நாம் அறிவோம். "போரும் சூழ்ச்சியும் நிறைந்த கதை; இது துச்சுருதி ஆகாதா?" என்று அவர் கேட்டார். வீரத்தையும் தியாகத்தையும் எடுத்துக் காட்டும் கதை என்று யாம் வாதிட்டோம். எதைப் படிக்கிறோம் என்பதிலேயே குற்றமும் குணமும் அடங்கியிருப்பதாக இருவரும் கருதினோம். அக்கருத்து முழுமையானதன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

எங்கள் படுக்கைக்கு அடுத்த படுக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் இருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூரினர். கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் இருந்த தம் கணவரிடம் செல்கிறார் என்பது மட்டுமே எமக்குத் தெரியும். மூன்றாம் நாள் மாலை அவர் மேல்தளத்துக்கு வந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து மடித்து மடித்து நைந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"டீச்சரம்மா, இந்தக் கடுதாசியை ஒரு தடவை படிச்சுக் காட்டுறியளா?"

யாம் கதையின் ஓர் இக்கட்டான இடத்தில் இருந்தோம். "சற்றுப் பொறுங்கள் அம்மா, இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றோம். அவர் சிறிது நேரம் அருகிலேயே குந்தியிருந்தார். அத்தியாயம் முடிந்தது. தொடர்கதையின் அத்தியாயம் அடுத்ததைப் படிக்கச் செய்யும் வகையில்தானே முடியும்! யாம் தலை நிமிர்ந்தபோது அவர் அங்கில்லை. மறுநாளும் ஒருமுறை வந்து, எம் கையில் நூலைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். அவர் வந்ததை யாம் கண்டோம், கண்டும் அழைக்கவில்லை. இன்னும் நாள் இருக்கிறதே என எண்ணினோம். பினாங்கில் கப்பல் நின்ற காலையில் ஒரே நெரிசல். மூட்டை தூக்குவோரும், பெயர் சொல்லி அழைப்போரும், குழந்தைகளின் அழுகையுமாக இருந்தது. அவரைத் தேடியபோது அடுத்த படுக்கை வெறுமையாக இருந்தது.

முக்கியமான செய்தி ஏதேனும் அக்கடிதத்தில் இருந்து, அஃது அறியாமல் அவர் அல்லலுறுவாரோ என்று அஞ்சினோம். அண்ணியாரிடம் சொன்னபோது அவர் சொன்ன விடை எம்மைத் திகைக்க வைத்தது. "அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அது பழைய கடிதம். ஊரில் பத்துப் பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வரி வரியாகத் தெரியும். பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகிறோமே, கரை வருவதற்குள் இன்னும் ஒரு தடவை கேட்கலாமே என்று ஆசைப்பட்டாராம்."

செய்தி அறிவதற்காக அவர் கேட்டிருந்தால், யாம் மறுத்தது ஓர் உதவியை என்று கூறி வருந்தி முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது உதவியன்று. எமக்கு அந்தத் தைத்த கட்டு எதுவோ, அதுவே அவருக்கு அந்த ஒற்றைத் தாள். படித்ததையே மீண்டும் படிப்பதில் எமக்கிருந்த அதே இன்பம், கேட்டதையே மீண்டும் கேட்பதில் அவருக்கும் இருந்தது. வேறுபாடு ஒன்றே: அவர் நூலைத் திறக்க மற்றொருவர் கண் வேண்டியிருந்தது. அக்கண் எம்மிடம் இருந்தது. யாம் துய்த்துக்கொண்டிருந்த இன்பத்தையே, அதன் அருமை நன்கு தெரிந்திருந்தும், மற்றொருவருக்கு மறுத்தோம்.

பூச்சி விழாத விளக்கின்கீழ் அமர்ந்து எவ்வுயிருக்கும் இன்னலில்லை என்று மகிழ்ந்த எம் அறிவை என்னென்பது! தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லி நிற்கவில்லை. பிரமாதத்தின் வயப்பட்டு ஊறு செய்தலையே இம்சை என்கிறது. பிரமாதமாவது விழிப்பின்மை, கருத்தின்மை. அந்த அம்மையாரின் உயிருக்கு ஊறு எதுவும் நேரவில்லைதான். ஆனால் விழிப்பின்மை எம்மிடம் நிறைந்திருந்தது. அண்ணியார் ஐயுற்ற துச்சுருதி, கேட்கத் தகாததைக் கேட்பது. எம் குற்றமோ கேட்க வேண்டியதைக் கேளாமை. எந்நூலைப் படித்தோம் என்பதை மட்டும் ஆராய்ந்தால் இக்குற்றம் புலப்படாது. அன்று எம் கையில் நாலடியார் இருந்திருந்தாலும் குற்றம் குற்றமே.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, எத்தனையோ முறை மனப்பாடமாகச் சொல்லிய ஒரு வரிசையின் பொருள் எமக்கு விளங்கத் தொடங்கியது. அகத்தவம் ஆறனைப் பிராயச்சித்தம், வினயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் என்று அடுக்கிச் சொல்கிறோம். நூற்பயிற்சியாகிய சுவாத்தியாயம் நான்காவது இடத்தில் நிற்கிறது. அதற்கு முன் மூன்றாவது இடத்தில் தொண்டாகிய வையாவிருத்தியம் நிற்கிறது. அத்தொண்டு துறவியர்க்குச் செய்வதாகவே விளக்கப்படுகிறது என்பதை அறிவோம். எனினும், அருகிலிருப்பவரின் தேவையைக் கவனித்தபின் ஏட்டைத் திறப்பாயாக என்று அவ்வரிசை எமக்குச் சொல்வதாகவே கொண்டோம். சுவாத்தியாயத்தின் கூறுகளும் ஐந்து: ஓதுதல், ஐயம் கேட்டல், சிந்தித்தல், மீண்டும் மீண்டும் ஓதிப் பயிலல், பிறர்க்கு எடுத்துரைத்தல். தனியே ஓதுவதில் தொடங்கும் பயிற்சி பிறர் செவியில் சென்றே நிறைவுறுகிறது.

அங்ஙனமாயின் படிப்பின்பம் குற்றம்தானா? அன்று. இன்பத்தைக் குற்றமென்று விலக்குவது எளிது, அது விடையாகாது. நம் முன்னோர் நூலின்பத்தை விலக்கியவர் அல்லர். கும்பகோணத்தில் நம்மவர் இல்லமொன்றில் சீவக சிந்தாமணியை ஓதி முடித்த நாளை விழாவாகக் கொண்டாடியதைத் தாம் கண்டதாக உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் எழுதியுள்ளார். அவர் சிந்தாமணியை 1887இல் அச்சிட்டு வெளியிடுவதற்கு முற்பட்ட செய்தி அது. அக்காப்பியத்தில் சீதத்தன் என்னும் வணிகன் கலமேறிச் சென்று பொருளீட்டுகிறான். மீளும் வழியில் கலம் கவிழ்ந்ததாக ஒரு மாயத் தோற்றத்தால் மயங்குகிறான். கப்பலையே காணாத குடந்தைப் பெண்டிரும் சிறாரும் அவனுடன் கடலில் சென்று அஞ்சி, மாயை நீங்கியபோது மகிழ்ந்திருப்பர். ஒருவர் ஓதப் பலர் கேட்டமையால் அவ்வின்பம் ஒருவரிடமும் தேங்கி நிற்கவில்லை.

கடற்பயணத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து 1714இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீகன்பால்கு, மலையப்பன் என்னும் தமிழரையும் உடன் அழைத்துச் சென்றார். நெடிய அப்பயணத்தில் அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. கடல் அளித்த ஓய்வை அவர் பிறருக்குப் பயன்படும் நூலாக மாற்றினார்.

காந்தியடிகளின் செய்தி எம் நெஞ்சை இன்னும் நெருங்கியது. 1896இல் அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த பயணம் இருபத்துநான்கு நாள்கள் நீடித்தது. கப்பல் மருத்துவர் தமிழைத் தாமே கற்பதற்குரிய நூலொன்றை அவருக்கு அளித்தார். அதைக்கொண்டு அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். உருது கற்பதற்கோ, தளத்தில் பயணம் செய்தோரிடையே ஓர் ஆசானைத் தேடிக் கண்டுபிடித்தார். நேட்டாலில் தாம் கண்ட தமிழ் மக்களோடு நெருங்கிப் பழக வேண்டும் என்பதே அவர் தமிழ் கற்கக் காரணம். அவர்களுள் பலர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள். பின்னாளில் அவருடைய அறப்போரில் சிறை சென்று 1914இல் இன்னுயிர் நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊரான தில்லையாடி, தரங்கம்பாடிக்கு அருகில் உள்ளது. அவர் கப்பலில் திறந்த நூல், தளத்தில் இருந்தோரின் பேச்சைக் கேட்பதற்காகத் திறந்தது. யாம் திறந்த நூலோ, அருகில் இருந்தவரின் பேச்சைக் கேளாமல் இருக்கத் துணைபோயிற்று. இரண்டும் நூல், இரண்டும் கடல், இரண்டிலும் இன்பம் உண்டு.

ஆகவே எம் வினாவுக்கு யாம் கண்ட விடை இதுவாகும்: படிக்கும்போது நம்மை மறப்பது நூலின் சிறப்பு, பிறரை மறப்பது நம் பிழை. முன்னதை விரும்பிப் பின்னதை விலக்க முடியுமா என்று கேட்பீர்களாயின், எளிதன்று என்றே சொல்வோம். இரண்டும் ஒரே கதவின் வழியாக வருகின்றன. அதனாலேயே விழிப்பு வேண்டியிருக்கிறது. கதிரவன் மறையுமுன் உண்ண வேண்டும் என்பது போல, அழைக்கும் குரல் கேட்டால் பக்கத்தில் விரல் வைத்து நூலை மூட வேண்டும் என்பதையும் ஒரு சிறு நியமமாகக் கொள்ளலாம். ஊர் திரும்பியபின் அந்நியமத்தை ஏற்றோம். பள்ளித் திண்ணையில் மாலை நேரத்தில் கடிதத்துடன் வந்தவர்களைக் காக்க வைத்ததில்லை. பலமுறை தவறியதும் உண்டு, மறைப்பதற்கில்லை.

கடல்வழிப் பயணங்கள் பின்னர் நின்றுபோயின. 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர்; நாம் அறிந்த அந்தக் கப்பற்போக்குவரத்தும் அதனோடு முடிவுற்றது. சிங்கப்பூருக்கு இன்று வானூர்தியில் சில மணி நேரத்தில் செல்கிறோம். நாகையிலிருந்து இலங்கைக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட கப்பலிலும் பயணம் சில மணி நேரமே. கடலில் ஒரு வாரம் அமர்ந்து படிக்கும் பேறு நம் பேரப் பிள்ளைகளுக்கு வாய்ப்பதரிது. கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்வோரும் அருகிவிட்டனர்.

சென்ற ஐப்பசியில் எம் இரு கண்களிலும் புரை முதிர்ந்து அறுவைக்கு நாள் குறித்திருந்தனர். நாலடியாரை எடுத்துப் பார்த்தோம். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பெரும்பாலான பாடல்கள் மனப்பாடம்தான். ஆயினும் பிறர் குரலில் ஒருமுறை கேட்க வேண்டும் போலிருந்தது. செவியில் ஒலிக்கருவி பொருத்திக் கைப்பேசியில் ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்த பேத்தியிடம் நூலை நீட்டினோம்.

"இருங்க பாட்டி, இது முடியட்டும்" என்றாள்.

கூடத்து விளக்கைச் சுற்றிப் பச்சைப் பூச்சிகள் வரத் தொடங்கியிருந்தன. யாம் எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, திண்ணையில் அமர்ந்து காத்திருந்தோம். காத்திருப்பது எத்தகையது என்பதை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்காதிருந்த ஓர் ஏடு போல் அன்று கற்றோம். சிறிது நேரத்தில் பேத்தி வெளியே வந்து, இருளில் எம் கையைத் தடவி நூலை வாங்கிக்கொண்டாள். "காலையில வெளிச்சத்துல படிச்சுக் காட்டுறேன் பாட்டி" என்றாள். காலையில் படித்தும் காட்டினாள்.

வளர்க நல்லறம்!